பேன்சி முடிந்ததும்

நவம்பர் 4

கேத்திக்கு வந்து சேர்ந்தாயிற்று. பேருந்து நிறுத்தத்திலிருந்து மைனி வீடு வரை ஒரே ஏற்றம். பெட்டியில் பாதிக்கு மேல் புத்தகங்கள். என் தவறுதான்.

வந்த காரணங்கள் இரண்டு. கல்லூரியில் மார்ச் வரை விடுப்பு வாங்கியிருக்கிறேன், இளங்கலை மாணவர்களுக்கான புள்ளியியல் பாடநூலை எழுதி முடிக்க. திரும்பும்போது மைனியைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போக வேண்டும். முதலாவது என் யோசனை. இரண்டாவது என் கணவர் தவசீலனுடையது. ஆகஸ்டில் அவருடைய அக்கா, என் மைனி ஜெபக்கனி, மழைப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அறுபத்தாறு வயதில், மலையில், தனியாக. எங்கள் வீட்டு மாடியறைக்கு வெள்ளையடித்துக் கட்டிலும் போட்டுவிட்டார் தவசீலன்.

மைனி வாசலில் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற செவிலியர். வாழ்நாளில் பெரும்பகுதியை இங்கே கழித்தும் பேச்சில் நெல்லை கொஞ்சமும் கரையவில்லை.

"என்னட்டி, வெறும் புஸ்தகமா கொண்டாந்திருக்க. என்னெக் கட்டித் தூக்கிட்டுப் போவ சாக்கு ஒண்ணும் இல்லையா?"

எனக்கு இந்த மாதிரிப் பேச்சுக்குப் பதில் சொல்லத் தெரியாது. டீ நன்றாக இருந்தது.

நவம்பர் 6

இன்று பேச்சை எடுத்தேன். எதிர்ப்பு வரும் என்று வாதங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. மைனி என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப் போய் நாற்றுத் தட்டுகளைக் காட்டினார். விரல் நீளத்தில், கரும்பச்சையாக, எந்தச் சிறப்பும் இல்லாத செடிகள்.

"பேன்சி. கட்டுப்போட்ட கையோட ஒத்தக்கையால வெதச்சேன். இத விட்டுட்டு எப்படி வர? இது முடிஞ்சதும் வாரேன்."

"நிச்சயமாவா மைனி?"

"நான் சொன்னா சொன்னதுதான். கேட்டுப் பாரு ஒம்புருசன்கிட்ட."

கேட்டேன். "ஃபேன்சியா? அக்கா எப்ப ஃபேன்சி ஸ்டோர் வெச்சா?" என்றார் தவசீலன். ப-வுக்கும் ஃப-வுக்கும் வித்தியாசம் சொல்லிப் புரியவைத்தேன். "பூதானே, எத்தன நாளைக்குப் பூக்கும்? சரி, அக்கா சொன்னா செய்வா" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பொங்கலுக்கு முன் ஊர் திரும்பிவிடலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து நாற்று நட்டோம். நட்டோம் என்றால் நான் நட்டேன். மைனியின் மணிக்கட்டு இன்னும் பலப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வை.

"செடி நடக் குழி வெட்டுதியா, கெணறு வெட்டுதியா?"

பக்கத்து வீட்டுப் போஜன் மாட்டெரு கொண்டு வந்தார். இரண்டு மாடு வைத்திருக்கிறார், பாலும் அவரிடம்தான். "இந்தப் பூவ எதுக்குத்தான் வெக்கிறீங்களோ சிஸ்டர். தலைல வெக்க முடியாது, சாமிக்கு மாலை கட்ட முடியாது. என் மாடுகூடத் திங்காது."

"ஒம்மாட்டுக்காவ வெக்கல போஜா. ஜனவரில இந்த ஊர்ல பச்சையா நிக்கிறது நீயும் நானும் இதும்தான்."

உள்ளூர இது பயனற்ற வேலை என்பதில் நான் போஜன் பக்கம்.

நவம்பர் 17

நத்தைகள். மைனி முட்டைக்கோஸ் இலைகளைப் பாத்தியில் கவிழ்த்து வைக்கச் சொன்னார். காலையில் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பொறுக்கி வேலிக்கு அப்பால் விட்டேன். மறுநாள் அதே நத்தைகள்தான் திரும்பி வருகின்றன என்று சந்தேகம். நிரூபிக்க வழியில்லை.

மூன்றாம் அத்தியாயம் நகரவில்லை.

நவம்பர் 29

முதல் பூ. ஊதா, நடுவில் கறுப்பு, அடியில் ஒரு மஞ்சள் பொட்டு. மைனி அழைத்தபோது எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உடனே போனேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பாத்தி முழுக்க முகங்கள். இந்தப் பூவுக்கு முகம் இருக்கிறது என்பதைக் கேள்விப்பட்டிருந்தேன், மிகையென்று நினைத்திருந்தேன். இல்லை. புருவம், மீசை, முறைப்பு எல்லாம் இருக்கிறது.

மைனி ஒவ்வொன்றுக்கும் ஆள் வைத்திருக்கிறார். கத்தரிப்பூ நிறத்தில் மீசை விரித்த ஒன்று அவருடைய பெரியப்பா. "என்னெப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு இப்படித்தான் நடுவீட்டுல உக்காந்திருந்தாரு. வந்தவன் காப்பியப் பாதில வெச்சுட்டு ஓடிட்டான். அந்த மனுசனுக்கு நான் தெனமும் ஸ்தோத்திரம் சொல்லுதேன்."

வெளிர்மஞ்சளில் அடர்ந்த புருவம் சுளித்த ஒன்றைக் காட்டி, "இது நீ" என்றார்.

ஒற்றுமை எதுவும் எனக்குத் தெரியவில்லை. தவசீலனுக்குப் படம் அனுப்பினேன். "கரெக்ட்" என்று பதில் வந்தது.

டிசம்பர் 13

மைனி காலையில் பாத்தியோரம் ஸ்டூலைப் போட்டு வாடிய பூக்களைக் கிள்ளுவதைப் பல நாளாகப் பார்க்கிறேன். அழகுக்காக என்று நினைத்திருந்தேன். இன்று கேட்டேன்.

"வாடுனத விட்டா காய் புடிக்கும். காய் வந்துட்டா, நம்ம சோலி முடிஞ்சுதுன்னு செடி உக்காந்துரும். கிள்ளிட்டே இருந்தா, இன்னும் ஒரு காய்கூட வரலையேன்னு பூத்துக்கிட்டே இருக்கும்."

"எதுவரைக்கும்?"

"சித்திரை வெயில் வரைக்கும். சில வருசம் அதுக்கு மேலயும்."

எனக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. "மைனி, பேன்சி முடிஞ்சதும் வர்றேன்னு சொன்னீங்க. நீங்களே அத முடியவிடாம வெச்சிருக்கீங்க."

"முடிஞ்சதும்னுதான் சொன்னேன். நானே கழுத்தப் புடிச்சு முடிச்சு வெப்பேன்னு சொன்னேனா?"

இது சட்டப்படி சரி, நேர்மைப்படி சந்தேகம். ஆனால் கிள்ளுவதால் பூ நீடிக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? கிள்ளாவிட்டாலும் பூக்கலாம். எனவே ஒரு சோதனை வைத்தோம். பாத்தியின் நடுவே கயிறு கட்டினேன். இடப் பாதியில் மைனி கிள்ளலாம். வலப் பாதியை யாரும் தொடக் கூடாது. இரண்டும் ஒன்றாகவே பூத்தால் அவர் கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும்.

"சவத்த, கட்டு கயித்த" என்று ஒப்புக்கொண்டார்.

டிசம்பர் 20

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கதவைத் திறந்தால் புல்வெளி உப்பளம் போல் வெள்ளையாகக் கிடந்தது. முதல் உறைபனி. பாத்திக்குப் போனேன். செடிகள் அத்தனையும் தரையோடு தரையாகச் சாய்ந்து, இலைகள் கண்ணாடித் தாள் மாதிரி விறைத்து, பூக்கள் குப்புறக் கிடந்தன. பெரியப்பா, நான், எல்லோரும். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரே கதி.

தவசீலனை அழைத்தேன். "முடிஞ்சுதுங்க. ஒண்ணுகூட மிஞ்சல."

"அப்ப கிறிஸ்துமஸுக்கு வந்திரலாமே. நானே டிக்கெட் போடுதேன்" என்றார். குரலில் துள்ளல். கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் சாப்பிடும். அவர் சபையில் பாட்டுக்குழு நடத்துவதால் சமையல் பக்கம் வர முடியாது.

மைனியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவர் சன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தார். "சரிட்டி. முடிஞ்சுதுன்னா கெளம்ப வேண்டியதுதான்." உள்ளே போய்ப் பெட்டியை இறக்கினார். சேலைகளை மடித்து வைத்தார். என் முகத்தைப் பார்த்து, "ஏன் ஒனக்குப் போவ இஷ்டமில்லையா?" என்றார். பனி மூக்கில் ஏறிவிட்டது என்றேன்.

பதினொரு மணிக்கு வெயில் பாத்தியில் விழுந்தது. துணி காயப்போடப் போனவள் அப்படியே நின்றேன். ஓர் இலை நிமிர்ந்தது. பிறகு பக்கத்து இலை. ஈரம் சொட்டச் சொட்ட ஒவ்வொரு செடியாக எழுந்து, பூக்கள் தலையைத் தூக்கி, பாத்தி முழுவதும் மறுபடி முறைத்துக்கொண்டு நின்றது.

மைனி பின்னால் வந்து நின்று சிரித்தார். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"உங்களுக்குத் தெரியும்."

"நாப்பது பனி பாத்திருக்கேன். நீ படிச்சவ, முடிஞ்சுதுன்னு சொல்லுத. நான் என்னத்தச் சொல்ல?"

தவசீலனை மறுபடி அழைத்தேன். "செத்தது எப்படி எந்திரிக்கும்?" என்றார். சபையில் பாட்டுக்குழு நடத்துபவர் கேட்கக்கூடிய கேள்வியா என்று தோன்றியது. கேட்கவில்லை. டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னேன்.

டிசம்பர் 25

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக வெளியூரில் கிறிஸ்துமஸ். நாங்கள் இரண்டு பேர். மதியம் கோழிக்குழம்பு, மைனி வைத்தார். மாலையில் நான்காம் அத்தியாயத்தை முடித்தேன்.

ஊர் நினைவு வந்ததா என்று தவசீலன் கேட்டார். வந்தது என்றேன்.

ஜனவரி 4, ஞாயிறு

சோதனை முடிவு. வலப் பாதியில் பச்சைக் காய்கள் தொங்குகின்றன, பூ அங்கொன்று இங்கொன்று. இடப் பாதியில் இலை தெரியாத அளவுக்குப் பூ. மைனி சொன்னது சரி. சொல்லிவிட்டேன்.

"அப்ப பாதி முடிஞ்சுதுன்னு என்னெப் பாதியா வெட்டிக் கொண்டுபோவியா?"

முழுதும் முடிய வேண்டும் என்பதே ஒப்பந்தத்தின் பொருள் என்று விளக்கினேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். நான் ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும்தான் பேசினேன்.

ஜனவரி 11

பாத்தியைப் பார்க்கப் போன இடத்தில் உறைபனியில் வழுக்கிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வலது கணுக்கால் வீங்கிவிட்டது. மைனி ஓடி வந்தார். கிழவி என்று நாங்கள் கவலைப்படும் அந்த மனுஷி என்னைத் தோளில் சாய்த்து உள்ளே கொண்டுபோய், காலை மடியில் வைத்து, துணிப்பட்டையைச் சுற்றிய வேகம் எனக்கு மறக்காது.

"வெரல ஆட்டு. வலிக்கா? கத்தாத, எலும்புல ஒண்ணுமில்ல." முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இப்ப யாரெ யாரு கூட்டிட்டுப் போவணும்?"

தவசீலனிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

ஜனவரி 19

போஜனிடம் சொல்லிப் படியோரம் இரும்புக் குழாயில் கைப்பிடி வைத்தேன். குளியலறையிலும் ஒன்று. படியில் கைப்பிடி இருப்பது யாருக்குமே நல்லது. வேறு உள்நோக்கம் இல்லை.

ஆறாம் அத்தியாயம் பாதி.

ஜனவரி 27

தவசீலன் சொதி வைத்தாராம். தேங்காய்ப்பால் திரியாமல் வந்ததாம். மல்லித்தூள் எங்கே, சீரகம் எங்கே என்று நவம்பரில் தினம் கேட்டவர் இப்போது எனக்கே பக்குவம் சொல்கிறார்.

"நீ எப்ப வார?" என்றார் கடைசியில். "நீங்க ரெண்டு பேரும்" என்றுதான் வழக்கமாகக் கேட்பார்.

பேன்சி முடிந்ததும் என்றேன்.

ஜனவரி 30

வலப் பாதியில் வாடிய பூக்கள் அழுகத் தொடங்கியிருக்கின்றன. பூஞ்சை பிடித்தால் இடப் பாதிக்கும் பரவும். முன்னெச்சரிக்கையாகச் சிலவற்றைக் கிள்ளினேன். சோதனையின் முடிவு ஏற்கெனவே பதிவாகிவிட்டதால் இது அதைப் பாதிக்காது.

பிப்ரவரி 3

வலப் பாதியில் காய்களையும் எடுத்தேன். பூஞ்சை.

பிப்ரவரி 6

பூஞ்சை.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் வீட்டுக்கு வரும் வழியில் மைனியை நான்கு பேர் நிறுத்தினார்கள். ஒருத்திக்குக் கால் புண், ஒருவருக்கு ரத்த அழுத்த மாத்திரை மாறிவிட்டது. எல்லோருக்கும் அவர் 'கனி சிஸ்டர்'.

மதியம் வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்தோம். விழுந்த அன்று பயமாக இருந்ததா என்று கேட்டேன். இத்தனை நாள் ஏன் இதைக் கேட்கவில்லை என்று தெரியவில்லை.

"இருந்துச்சு. போஜன் பால் கொண்டு வாரவரைக்கும் அந்தப் படியிலதான் கெடந்தேன். பயமில்லாம இருக்குமா?" பட்டாணியைச் சட்டியில் தள்ளினார். "ஆனா அந்தப் பயம் என்னோடதுட்டி. தவசு அதையும் சேத்துத் தூக்கிட்டுப் போயி மாடியறைல பூட்டி வெச்சிரலாம்னு பாக்கான். பாவம், பாசம்தான். அங்க வந்தா நான் யாரு? அவனுக்கு அக்கா, ஒனக்கு மைனி. வேளாவேளைக்கு ஒரு தட்டு. இங்கன நான் இன்னும் ஆளுட்டி."

"அப்போ வரலைன்னு சொல்லிடலாமே."

"அம்மா போனப்பறம் அவன வளத்தது நான். அவன்கிட்ட ஒரு சொல்லு சொல்லிட்டு மாத்துனதில்ல. இது முடிஞ்சதும் வாரேன்னு சொன்னேன். முடிஞ்சா வருவேன்."

பாத்திப் பக்கம் பார்க்காமல் பேசினார். நானும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 16

காலையில் அவருக்கு முன்பே எழுந்துவிட்டேன். இரண்டு பாதியிலும் கிள்ளினேன்.

பிப்ரவரி 21, சனி

தவசீலன் சொல்லாமல் வந்துவிட்டார். குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாகப் படியேறி வந்தவரைப் போஜனின் மாடு பார்த்து மிரண்டது.

அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டே இருந்தார்கள். தோசை சாப்பிட்டதும் அவர் வேலையைத் தொடங்கினார். "சரி, அந்தப் பூவக் காட்டு. முடிஞ்சுதா இல்லையான்னு பாப்போம்."

மூவரும் பாத்தியருகே போனோம். நடுவே கயிறு அப்படியே இருந்தது. இரண்டு பக்கமும் வித்தியாசமே இல்லை. ஊதா, மஞ்சள், வெள்ளை, கருஞ்சிவப்பு, எல்லாம் அவரை நிமிர்ந்து பார்த்து முறைத்தன.

"என்னக்கா இது. ஒருபக்கம் கிள்ளாம விட்டு, அது முடிஞ்சே போச்சுன்னு ஜனவரில சொன்னாளே."

"என்னெ ஏம்ல கேக்க? நான் என் பக்கத்தத் தவிர தொடல. ஒம்பொண்டாட்டியக் கேளு. சோதனையும் அவளே வெச்சா, கெடுத்ததும் அவதான். இப்ப எம்பக்கமும் அவதான் கிள்ளுதா. காலைல நான் எந்திரிச்சு வந்தா ஒரு வாடுன பூ கெடைக்க மாட்டேங்கு."

தவசீலன் என் பக்கம் திரும்பினார். "நீயா?"

"பூஞ்சை" என்றேன்.

குனிந்து நிதானமாகப் பார்த்தார். "ஒரு பூஞ்சையையும் காணோமே."

"அதான் கிள்ளிட்டேனே."

மைனியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. தவசீலன் சிரிக்கவில்லை. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சுகந்தி, நேராச் சொல்லு. இது எப்பதான் முடியும்?"

"முடியாது" என்றேன்.

என் குரல் எனக்கே சற்று உரக்கக் கேட்டது. அவர், "பூவச் சொல்லுதியா?" என்று கேட்டார்.

"பூவையும்தான்."

அதற்குமேல் சொல்லாமல் இருந்திருக்கலாம். இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். ஆனால் சொன்னேன். மைனி இங்கேயேதான் இருப்பார், கொடுத்த சொல்லை அவரால் மாற்ற முடியாது என்பதால் அவருக்காக நான் மாற்றுகிறேன். கைப்பிடி போட்டாயிற்று. போஜன் காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பார். நான் மார்ச் கடைசி வரை இங்கேதான், புத்தகம் முடிய வேண்டும். கிறிஸ்துமஸுக்கு இனி நீங்களும் இங்கே வரலாம், பாட்டுக்குழுவை வேறு யாராவது நடத்தட்டும். என் கணுக்கால் விஷயத்தையும் சொன்னேன். வரிசையாகச் சொல்ல நினைத்தேன், வரிசை கலைந்துவிட்டது.

மைனியின் சிரிப்பு நின்றிருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தவசீலன் படிப் பக்கம் போனார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. திரும்பி வந்தார்.

"விழுந்தா எனக்கு யாரு சொல்லுவா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"நானே சொல்லுவேம்ல. மொத ஆளா ஒனக்குத்தான் சொல்லுவேன்."

"போன தடவ சொல்லலையே."

"அது எந்தப்பு" என்றார் மைனி. அவர் தன் தப்பென்று எதையும் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை.

தவசீலன் பேன்ட்டை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு பாத்தியோரம் குந்தினார். வாடத் தொடங்கியிருந்த ஒரு பூவின் தலையைப் பிடித்துப் பிய்த்தார்.

"ஏல, மண்டைய மட்டும் பிச்சாக் காணாது. காம்போட கிள்ளு."

"இப்படியா?"

"இன்னும் கீழ. கணுவுக்குப் பக்கத்துல. ஆங்."

மதியச் சாப்பாடு வரை அங்கேயேதான் இருந்தார்கள். வாடிய பூக்களோடு நல்ல பூ ஏழெட்டையும் தவசீலன் கிள்ளிவிட்டார். மைனி பார்த்தார். நானும் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை.